களத்தில் வென்று தாஷ்கண்டில் தோற்றாரா சாஸ்திரி?

கேள்வி இதுதான்: 1965 இந்தியா-பாகிஸ்தான் போரை உண்மையில் நடத்தியது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியா, தளபதிகளா? வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த இடங்களை அவர் ஏன் சோவியத் நாட்டின் தாஷ்கண்டில் நடந்த சமரசப் பேச்சில் திருப்பிக் கொடுத்தார்?

இரண்டையும் தனித்தனியாகத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். என் பார்வையில் இரண்டுக்கும் விடை 1965 செப்டம்பர் முதல் வாரத்திலேயே இருக்கிறது. எந்தப் படைப்பிரிவு எந்தக் கால்வாயைக் கடக்க வேண்டும் என்பதைத் தளபதிகள் முடிவு செய்தார்கள். போர் எதற்காக, எதுவரை என்பதைச் சாஸ்திரி முடிவு செய்தார். அந்த 'எதுவரை' பிடிக்காதவர்கள் குறை சொல்ல வேண்டியது செப்டம்பர் 3ஆம் தேதியை. பழியெல்லாம் தாஷ்கண்டில் கையெழுத்தான 1966 ஜனவரி 10ஆம் தேதியின் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது.

முன்கதை கொஞ்சம் வேண்டும். நேரு 1964 மே 27 அன்று மறைந்தார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பொறுப்பில் இருக்க, காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் கலந்து பேசி, மொரார்ஜி தேசாய்க்கு இடம் கொடுக்காமல் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். ஜூன் 9 அன்று பதவியேற்பு. அந்த மாதமே மாரடைப்பு. ஜூலையில் லண்டனில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குக்கூட அவரால் போக முடியவில்லை. ஐந்தடி இரண்டங்குல உயரம், வேட்டி, தாழ்ந்த குரல். அக்டோபரில் கெய்ரோ மாநாடு முடிந்து திரும்பும் வழியில் கராச்சியில் இறங்கி பாகிஸ்தான் அதிபர் அயூப் கானைச் சந்தித்தார். நெடிய உருவம் கொண்ட அந்த பீல்டு மார்ஷல் இவரை ஆள் பார்த்தே எடைபோட்டுவிட்டார். அந்தத் தப்புக் கணக்குக்கு அடுத்த ஆண்டு பாகிஸ்தான் பெரிய விலை கொடுத்தது.

தமிழ்நாட்டில் மூத்தவர்களுக்கு சாஸ்திரி என்றதும் அரியலூர் நினைவுக்கு வரும். 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது அவர் ரயில்வே அமைச்சர், பொறுப்பேற்று விலகினார். அந்த விலகலை மட்டும் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு சாதுவாக்கிவிட்டோம். உள்துறையையும் கட்சிப் பூசல்களையும் வருடக்கணக்கில் கையாண்டு பழுத்த அரசியல்வாதி அவர். நேருவின் அமைச்சரவையில் கடைசிவரை நம்பப்பட்டவர் வெறும் நல்ல மனிதராக மட்டும் இருந்திருக்க முடியாது.

முதல் ஆண்டு அவருக்கு நன்றாகப் போகவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தலைகளை எண்ணிப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. அவருடைய ஆட்சியின் மிக மோசமான கையெழுத்து எது என்று என்னைக் கேட்டால் தாஷ்கண்டைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். 1965 ஜனவரியில் மொழிப் போராட்டம் சென்னை மாகாணத்தைப் பற்றவைத்தது. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகினார்கள். அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சராக சாஸ்திரியோடு இருந்தவர் இதே அழகேசன். சாஸ்திரி விலகல் கடிதங்களை ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். ராதாகிருஷ்ணன் மறுத்த பிறகுதான் இறங்கிவந்தார். அன்றே வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். பிடிவாதமும் அவரிடம் இருந்தது, பின்வாங்கத் தெரிந்த அறிவும் இருந்தது. இன்னொன்றும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1962இல் சீனப் போருக்காக அறிவித்த அவசரநிலை அவருடைய காலம் முழுவதும் அமலில் இருந்தது. 1965 மார்ச்சில் கேரளத்தில் தேர்தல் நடந்தபோது மார்க்சிஸ்ட் கட்சியின் வெற்றி பெற்ற வேட்பாளர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஏப்ரலில் கட்ச் உப்புச் சதுப்பில் பாகிஸ்தான் படை அமெரிக்கத் தயாரிப்பான 'பாட்டன்' டாங்கிகளோடு வந்தது. நாடாளுமன்றம் கொதித்தது. சாஸ்திரி அங்கே பெரிய சண்டைக்குப் போகவில்லை. பருவமழை வந்தால் அந்த நிலம் கடலாகிவிடும், நம் பக்கம் போக்குவரத்து வசதி இல்லை, எதிரி தேர்ந்தெடுத்த களத்தில் ஏன் இறங்க வேண்டும் என்பது கணக்கு. பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் நடுநிலை வகித்துப் பேச, ஜூன் 30 அன்று உடன்பாடு கையெழுத்தானது. தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனது. எதிர்க்கட்சிகள் கோழைத்தனம் என்றன. பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருந்த ராவல்பிண்டியிலும் அப்படித்தான் படித்தார்கள்: 1962இல் அடி வாங்கிய படை, நேரு இல்லாத டெல்லி, கட்சிலும் சண்டைக்கு வராத பிரதமர். காஷ்மீரில் ஒரு தட்டு தட்டினால் கதவு திறந்துவிடும் என்று வெளியுறவு அமைச்சர் பூட்டோவும் அவருடைய கூட்டமும் அயூப்பை நம்பவைத்தார்கள்.

ஆகஸ்ட் 5 முதல் பாகிஸ்தான் அனுப்பிய ஆயிரக்கணக்கான ஊடுருவல்காரர்கள் காஷ்மீரை இரண்டாகப் பிரித்த போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். உள்ளூர் மக்கள் எழுந்து சேர்ந்துகொள்வார்கள் என்பது திட்டம். யாரும் எழவில்லை, வந்தவர்களைப் பல இடங்களில் காட்டிக்கொடுத்ததே காஷ்மீர மக்கள்தான். ஆகஸ்ட் 13 அன்று வானொலியில் சாஸ்திரி, படைபலம் படைபலத்தால் எதிர்கொள்ளப்படும் என்றார். இதை அவர் வழக்கமான எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. ஊடுருவல்காரர்கள் வரும் வழியையே அடைக்க, கோட்டைத் தாண்டிப் போக அனுமதி கொடுத்தார். ஆகஸ்ட் 28 அன்று மேஜர் ரஞ்சித் சிங் தயாள் தலைமையில் பாராசூட் படையின் முதல் பட்டாலியன் வீரர்கள் இரவு முழுக்க மழையில் செங்குத்தாக ஏறி ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தார்கள். உரியையும் பூஞ்ச்சையும் நேராக இணைக்கும் பழைய பாதை அந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது. இந்தப் பெயரை மனதில் வையுங்கள்.

செப்டம்பர் 1 அதிகாலையில் பாகிஸ்தான் சம்ப் பகுதியில் பெரும் டாங்கிப் படையோடு இறங்கியது. குறி அக்னூர் பாலம்; அது போனால் ஜம்முவிலிருந்து பூஞ்ச், ரஜௌரி பக்கம் போகும் வழி அறுந்துவிடும். அன்று மாலை பாதுகாப்பு அமைச்சர் சவானின் அறையில் தரைப்படைத் தளபதி ஜே.என். சௌத்ரியும் விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங்கும் நின்றார்கள். விமானங்களை அனுப்பலாமா என்பது கேள்வி. 1962இல் போர் விமானங்களைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தவே இல்லை. யோசித்து யோசித்தே அந்தப் போர் முடிந்துபோனது. இம்முறை சவான் சில நிமிடங்களில் சரி என்றார். பொழுது சாய்வதற்குள் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பிவிட்டன. முதல் நாள் விளைவு பெருமைப்படும்படி இல்லை: பழைய வாம்பயர் விமானங்கள் நான்கு போயின, சில குண்டுகள் நம் ஆட்கள் மீதே விழுந்தன. ஆனாலும் ஓர் அமைச்சர் அவ்வளவு விரைவில் முடிவெடுக்க முடிந்தது என்றால், மேலே இருப்பவர் தன்னைக் கைவிட மாட்டார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது என்று பொருள்.

அடுத்த முடிவு இன்னும் பெரியது. காஷ்மீரில் நெருக்கினால் பஞ்சாபில் லாகூரை நோக்கிப் போவது என்று ராணுவத்திடம் திட்டம் இருந்தது. ஆனால் அது சர்வதேச எல்லை. காஷ்மீரின் போர்நிறுத்தக் கோடு போன்றதல்ல. அதைத் தாண்டினால் முழுப்போர், உலக நாடுகளின் கண்டனம், சீனா உள்ளே வரும் அபாயம். நேரு அந்த உத்தரவைக் கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். சாஸ்திரி கொடுத்தார். கொடுக்கும்போதே, செப்டம்பர் 3 அன்று, போரின் இலக்குகளையும் வரையறுத்துத் தந்தார். காஷ்மீரைப் பலத்தால் பிடிக்கும் பாகிஸ்தானின் முயற்சியை முறியடிப்பது, அதன் படையின் தாக்கும் வலிமையை உடைப்பது, இதற்குத் தேவையான அளவு நிலத்தை மட்டும் பிடிப்பது, போர் திருப்தியாக முடிந்ததும் அந்த நிலத்தைக் காலி செய்வது. கடைசிப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தாஷ்கண்டில் எழுதப்பட்டது அங்கேயே இருக்கிறது.

செப்டம்பர் 6 விடியலில் மூன்று பாதைகளில் படை எல்லையைத் தாண்டியது. பாகிஸ்தான் தலைமை இதை எதிர்பார்க்கவே இல்லை. சம்ப் முனையிலிருந்து படைகளைப் பஞ்சாபுக்குத் திருப்ப வேண்டியதாயிற்று, அக்னூர் தப்பியது. திட்டத்தின் முதல் நோக்கம் அன்றே நிறைவேறிவிட்டது. லாகூர் விழவில்லை. மூன்றாவது ஜாட் பட்டாலியன் முதல் நாளே லாகூருக்கு முன்னால் இருந்த இச்சோகில் கால்வாயைக் கடந்து டோக்ராய் வரை போய், பின்னாலிருந்து உதவி வராததால் திரும்பியது. அதே டோக்ராயை மீண்டும் பிடிக்க அதே பட்டாலியன் செப்டம்பர் 21 இரவு வரை காத்திருந்து கடுமையாகச் சண்டையிட வேண்டியிருந்தது. தளபதிகளின் தடுமாற்றங்களுக்கு இது ஓர் உதாரணம். இன்னும் பல உண்டு.

தெற்கே கேம்கரன் பக்கம் நிலைமை தலைகீழாகப் போக இருந்தது. பாகிஸ்தானின் கவசப் பிரிவு உள்ளே புகுந்தது. பியாஸ் ஆற்றுக்குப் பின்வாங்கச் சொல்லி சௌத்ரி தன்னிடம் கூறியதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் பின்னாளில் எழுதினார். அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி நம் படை லாட வடிவில் பதுங்கியிருந்தது. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஆளுயரக் கரும்புக்குள் ஊர்ந்து வந்த பாட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பில்லாப் பீரங்கியோடு கரும்புக்குள் மறைந்திருந்து, கிட்டே வரவிட்டு ஒவ்வொன்றாக அடித்தவர் அப்துல் ஹமீத். செப்டம்பர் 10 அன்று அவரும் அங்கேயே வீழ்ந்தார். பரம் வீர் சக்கரம் மறைவுக்குப் பின் வந்தது. அந்தச் சண்டையில் பாகிஸ்தான் இழந்தவை 97 டாங்கிகள். கைப்பற்றியவற்றை வரிசையாக நிறுத்திவைத்த இடத்துக்கு மக்கள் பாட்டன் நகர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நடுவில் சீனா. செப்டம்பர் நடுவில் பீக்கிங்கிலிருந்து இறுதி எச்சரிக்கை வந்தது: சிக்கிம் எல்லையில் இந்தியா கட்டிய ராணுவ அமைப்புகளை மூன்று நாளில் இடிக்க வேண்டும், இந்தியர்கள் ஓட்டிச் சென்ற 800 ஆடுகளையும் 59 கவரிமாடுகளையும் திருப்பித் தர வேண்டும். நிஜமாகவே இப்படி எழுதியிருந்தார்கள். ஜனசங்கத்தின் வாஜ்பாயி ஓர் ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டுபோய்ச் சீனத் தூதரகத்தின் முன் நிறுத்தினார். சிரிப்புக்கு அப்பால், இரண்டு முனைகளில் போர் என்பது நிஜமான அச்சம். சாஸ்திரி நாடாளுமன்றத்தில் பணிய மாட்டோம் என்றார். மேற்கே நடந்த தாக்குதலையும் நிறுத்தவில்லை. கெடு நீட்டிக்கப்பட்டது, பிறகு அடங்கியது.

உள்நாட்டில் அவர் சமாளித்தது, களத்தைவிடக் கடினமானது என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு மழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னாக விழுந்தது. ரேஷன் கடையில் கோதுமை இருக்குமா என்பது அமெரிக்கக் கப்பலைப் பொறுத்தது. அந்தக் கப்பலை விடுவதா நிறுத்துவதா என்பதை ஜனாதிபதி ஜான்சன் தன் கையில் வைத்திருந்தார். போர் மூண்டதும் இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தினார்கள். கோதுமைக்கு நீண்டகால ஒப்பந்தம் போடாமல், சில மாதத் தேவைக்கு மட்டும் அளந்து கொடுத்தார்கள். வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விடும்படி சாஸ்திரி மக்களைக் கேட்டார். திங்கட்கிழமை மாலையில் ஓட்டல்கள் மூடப்பட்டன. தன் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். இதெல்லாம் அடையாளச் செயல், தானியம் கூடிவிடாது என்று சொல்லலாம். சரிதான். தானியம் கூடியதற்கு வேறு காரணம் உண்டு: உணவு அமைச்சகத்தை யாரும் விரும்பாத நேரத்தில் அதைச் சி. சுப்பிரமணியத்திடம் கொடுத்து, உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை, உரம், மெக்சிகோ குட்டைக் கோதுமை விதை என்ற அவருடைய வழிக்கு நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் எதிர்ப்பை மீறிப் பின்பலமாக நின்றார். உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் தொடங்கியது. 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்ற முழக்கம் இந்த இரண்டு நெருக்கடிகளும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் பிறந்தது.

இனி அவர் சறுக்கிய இடம். செப்டம்பர் 20 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் போர்நிறுத்தம் கோரித் தீர்மானம் போட்டது. இன்னும் சில நாள் நீடித்தால் தெளிவான வெற்றி கிடைக்குமா என்று சாஸ்திரி சௌத்ரியிடம் கேட்டார். முன்னணி வெடிபொருள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, டாங்கி இழப்பும் அதிகம் என்று பதில் வந்தது. போர்நிறுத்தத்தை ஏற்றார், செப்டம்பர் 23 அதிகாலை 3.30 மணிக்கு அமலானது. பின்னர் கணக்குப் பார்த்தபோது செலவானது ஏறத்தாழ 14 சதவீதம் மட்டுமே என்று தெரிந்ததாகச் சொல்கிறார்கள். பாகிஸ்தான் பக்கமோ கையிருப்பு உண்மையிலேயே கரைந்திருந்தது. தளபதி தப்பாகச் சொன்னார் என்பதோடு இதை முடிக்க மாட்டேன். தளபதிகளை நம்பி அவர்கள் வேலையில் தலையிடாமல் இருப்பது சாஸ்திரியின் பலம். அவர்கள் கொடுத்த எண்ணை வேறொரு கையால் சரிபார்க்க ஏற்பாடு இல்லாதது அதே பலத்தின் மறுபக்கம். ஊடுருவலைப் பற்றி முன்கூட்டியே துப்பு கிடைக்காமல் போனதும் இதே குறைபாடுதான்.

தாஷ்கண்டில் 1966 ஜனவரி 4 முதல் பேச்சு நடந்தது. சோவியத் பிரதமர் கோசிகின் இரு தரப்புக்கும் இடையில் மாறி மாறி நடந்தார். போர் முடிந்தபோது இந்தியாவின் கையில் சுமார் 1,900 சதுர கிலோமீட்டர், பாகிஸ்தானின் கையில் சுமார் 550 சதுர கிலோமீட்டர் இருந்தது. கணக்கு நமக்குச் சாதகம்தான். ஆனால் பாகிஸ்தானிடம் சம்ப் இருந்தது. அது நம் கழுத்துக்கு அருகில் இருந்த கத்தி. ஹாஜி பீரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் சம்பை அவர்களிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் படைகளை அப்படியே நிறுத்தி மீண்டும் சண்டைக்குக் காத்திருக்க வேண்டும். கோதுமைக்கு அமெரிக்காவையும் ஆயுதத்துக்கும் ஐ.நா.வில் தடுப்பதிகாரத்துக்கும் சோவியத்தையும் நம்பியிருந்த நாட்டுக்கு அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. 1965 ஆகஸ்ட் 5 நிலைக்கு இரு படைகளும் பிப்ரவரி 25க்குள் திரும்புவது, தகராறுகளைப் பலம் கொண்டு தீர்ப்பதில்லை என்று உறுதி கூறுவது என்று ஜனவரி 10 அன்று கையெழுத்தானது. போரில்லா ஒப்பந்தம் கேட்ட சாஸ்திரிக்குக் கிடைத்தது இந்த மெல்லிய உறுதி.

எதிர்வாதத்தில் வலுவான ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கார்கில் சிகரங்களை மே மாதம் பிடித்தோம், கட்ச் உடன்பாட்டை ஒட்டிக் கொடுத்தோம், ஆகஸ்டில் மறுபடி பிடித்தோம், தாஷ்கண்டில் மறுபடி கொடுத்தோம். 1971இல் மூன்றாம் முறையாகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏறியவர்கள் வீரர்கள். ஹாஜி பீரைக் கொடுத்ததைக் கண்டித்து மகாவீர் தியாகி அமைச்சர் பதவியை விட்டார். அவர் விலகியதில் நியாயம் இருக்கிறது. கணவாயைப் பிடிக்க உத்தரவிட்டபோதே அதைத் திருப்பித் தர வேண்டிவரும் என்பதை அரசு மக்களிடம் சொல்லவில்லை. செப்டம்பர் 26 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் சாஸ்திரி, நடந்தே டெல்லி வருவதாகச் சொன்ன அயூப்பை நாமே லாகூர் பக்கம் நடந்துபோய்ச் சந்திக்க நினைத்தோம் என்று கேலி செய்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. இலக்கு சிறியது என்பதைச் சொல்ல வேண்டிய நேரம் அது. கைதட்டலுக்கு இடம் கொடுத்துவிட்டார்.

கையெழுத்திட்ட அன்று நள்ளிரவு தாண்டி, ஜனவரி 11 அதிகாலையில் அவர் இறந்தார். மாரடைப்பு என்றார்கள், ஏற்கனவே இதய நோயாளி. பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. செய்திருந்தால் அறுபது ஆண்டு சந்தேகத்தை ஒரு தாளில் முடித்திருக்கலாம். குடும்பத்தினர் கேட்ட கேள்விகளுக்கு அரசுகள் தந்த பதில்களும் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. அதைத் தாண்டி விஷம், சதி என்று சொல்வதற்குக் கையில் ஆதாரம் வேண்டும்.

தாஷ்கண்டில் இந்தியா தோற்றது என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அறிக்கை வெளியானதும் லாகூர் தெருக்களில் மாணவர்கள் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. போரில் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது; அப்படியானால் காஷ்மீர் எங்கே என்று கேட்டார்கள். தாஷ்கண்டில் அயூப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பூட்டோ சில மாதங்களில் பதவியை விட்டு, அந்த ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லியே கூட்டம் சேர்த்தார். 1969 மார்ச்சில் அயூப் ஆட்சியை யாஹ்யா கானிடம் ஒப்படைத்து இறங்கினார்.